சடை நாய்க்கு நியாயம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நான் பிறந்து வளர்ந்த தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. வெள்ளை நாய் இருந்த வீடுகளும் நிறைய. எல்லா நாயையும் 'பொமேரியன்' என்றோம். அவசரத்துக்குப் 'பாம்' என்றோம். எங்கள் ஆயா மட்டும் கடைசிவரை 'சடை நாய்' என்றே சொன்னார். உண்மையில் அந்த நாய்களில் ஒன்றுகூடப் பொமேரியன் கிடையாது. அத்தனையும் இந்தியன் ஸ்பிட்ஸ். சென்னையில் இயங்கும் இந்தியக் கென்னல் கிளப், இதைத் தனி இனமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. தராசு ஒன்று இருந்தால் போதும். வளர்ந்த பொமேரியன் ஒன்றரைக் கிலோவிலிருந்து மூன்றரைக் கிலோவுக்குள் நின்றுவிடும். மூக்கு குட்டையாக, முகம் உருண்டையாக, ரோமம் குத்திட்டு நிற்கும். இந்தியன் ஸ்பிட்ஸில் சின்ன வகையே 5 முதல் 7 கிலோ வரும்; பெரிய வகை 12 கிலோவுக்கு மேல் போகும். மூக்கு நீளம், கால் நீளம், ரோமம் கொஞ்சம் படிந்து கிடக்கும். பெரும்பாலும் வெள்ளை. பழுப்பும் கறுப்பும் உண்டு.

இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஆகிறது. பொமேரியன் என்று நினைத்து வாங்கியவர்கள், நாய் வளர்ந்து பெரிதானதும் "இது அசல் இல்லை, கிராஸ்" என்று சலித்துக்கொள்கிறார்கள். சலிப்பு முற்றினால் நாய் தெருவுக்கு வருகிறது. நம் வெயிலைத் தாங்கி, நம் சோற்றைத் தின்று, மூன்று தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களோடு வாழ்ந்த ஒரு நாயைப் போலி என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை பால்டிக் கடற்கரையில் தொடங்குகிறது. இன்றைய ஜெர்மனியின் வடகிழக்கும் போலந்தின் வடமேற்கும் சேர்ந்த பகுதிக்குப் பொமரேனியா என்று பெயர். பனிப்பிரதேசத்து வண்டியிழுக்கும் நாய்களுக்கு உறவான, கூர்மூக்கும் நிமிர்ந்த காதும் முதுகில் சுருண்ட வாலும் உள்ள ஸ்பிட்ஸ் நாய்கள் அங்கே காவலுக்கு இருந்தன. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு வாழ்க்கைப்பட்ட ஷார்லட் ஜெர்மன் சீமையைச் சேர்ந்தவர். அவர் 1767-இல் ஃபீபி, மெர்க்குரி என்ற இரண்டு நாய்களை வரவழைத்துக்கொண்டார். அந்தக் காலத்துப் பொமேரியனை ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்திருக்கிறார். மடியில் அடங்குகிற நாய் இல்லை அது. நீண்ட மூக்கும் நல்ல உயரமும் உள்ள வெள்ளை நாய். அந்தப் படத்தைப் பார்க்கும் காஞ்சிபுரத்துக்காரர் யாராக இருந்தாலும், "இது நம்ம தெரு நாயாச்சே" என்பார்.

ஷார்லட்டின் பேத்திதான் விக்டோரியா மகாராணி. 1888-இல் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போனபோது மார்கோ என்ற சின்னப் பொமேரியனைப் பார்த்து மயங்கி, ஊருக்கே கொண்டுவந்துவிட்டார். மகாராணி வைத்திருக்கிறார் என்றதும் சீமாட்டிகள் எல்லோருக்கும் சின்னது வேண்டியிருந்தது. சின்னதோடு சின்னதைச் சேர்த்துச் சேர்த்து, அவர் ஆயுளுக்குள்ளேயே இனம் பாதி அளவாகச் சுருங்கியது. 1901 ஜனவரியில் அவர் உயிர் பிரியும்போது படுக்கையில் துரி என்ற பொமேரியன் இருந்தது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது பிழைத்த மூன்று நாய்களில் இரண்டு பொமேரியன்; கைக்குள் அடங்கியதால் படகில் இடம் கிடைத்தது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது மார்கோவின் எடை. சுமார் 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ. 'சின்ன நாய்' என்று மகாராணி கொஞ்சிய மார்கோவை எங்கள் வீட்டில் பட்டு நிறுக்கும் தராசில் வைத்திருந்தால் எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் ஜிம்மியின் எடைதான் காட்டியிருக்கும். ஐரோப்பாவில் பொமேரியன் சுருங்கிக்கொண்டிருந்த அதே 19-ஆம் நூற்றாண்டில்தான் பிரிட்டிஷ்காரர்கள் ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே அவற்றின் வாரிசுகளில் சூடு தாங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பெருக்கினார்கள். அங்கே அழகுப் போட்டிக்காகக் குறுகிய உடம்பு, இங்கே பழைய கட்டோடு தங்கிவிட்டது. எது அசல் என்று என்னைக் கேட்டால், பழைய உருவத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது நம் நாய்தான் என்பேன்.

வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது லேசில் முடியாத காலம் ஒன்று இருந்தது. 1970, 80-களில் சின்ன வீட்டுக்கு ஒரு நாய் வேண்டுமென்றால் கிடைத்தது இதுதான். டின் உணவு கேட்காது, ஏசி கேட்காது, பால்சோறு போட்டால் தின்றுவிட்டு வாசலில் உட்கார்ந்துகொள்ளும். 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபியாக வந்து கதைச் சிக்கலையே அவிழ்த்ததும் ஓர் இந்தியன் ஸ்பிட்ஸ். அந்தப் புகழ் பத்து வருடம் நிற்கவில்லை. 2003-இல் ஒரு கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சின்னப் பையன் பின்னால் ஒரு பக் நாய் ஓடியது. ஊரெல்லாம் பக் தேடத் தொடங்கியது. மூக்கு நசுங்கிய பக், நம் வெயிலில் மூச்சுவிடவே போராடுகிற நாய். அப்புறம் ஷிட்ஸு வந்தது, ஹஸ்கிகூட வந்தது. பனிக்கட்டியில் வண்டி இழுக்கிற ஹஸ்கியை எங்கள் ஊர்ச் செங்கழுநீரோடை வீதியில் சித்திரை வெயிலில் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

நெசவாளர் வீட்டுக்குள் நாய் நுழைந்தது கொஞ்சுவதற்காக மட்டும் இல்லை. எங்கள் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, முன்கூடத்திலேயே குழித்தறி. உள்ளே இருக்கும் பட்டும் ஜரிகையும் நெசவாளருக்குச் சொந்தமில்லை. முதலாளியோ சங்கமோ நிறுத்துக் கொடுத்தது. சேலையாக நிறுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு கண்டு பட்டு காணாமல் போனாலும் கூலியில் கழியும். பெரிய நாய் வைக்க இடமில்லை, சோறில்லை. சின்ன உடம்பும் பெரிய குரலும் உள்ள நாய் பொருந்தியது. கடிக்க வேண்டியதில்லை, தெருவையே எழுப்பிவிட்டால் போதும்.

காவல் நாயை மதிப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பல்லவர்கள் காஞ்சியிலிருந்து ஆண்ட நாளில், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நட்டார்கள். எருமைகளைக் காக்கச் செத்த வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரைச் சொல்லி, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஜிம்மி சின்ன காஞ்சிபுரத்தில் மாமா வீட்டிலிருந்து கூடையில் வந்தது. அப்பா முதலில் வேண்டாம் என்றார். காரணம் முடி. இந்த இனத்துக்கு ரோமம் இரண்டு அடுக்கு: வெளியே நீளமான முடி, உள்ளே பஞ்சுபோன்ற சன்ன முடி. வருடத்தில் இரண்டு தடவை உள்முடி கொத்துக்கொத்தாக உதிரும். அரக்குச் சேலை தறியில் இருக்கும்போது ஒரு வெள்ளை முடி பாவில் விழுந்தால் எடுத்துவிடலாம். ஊடையோடு சேர்ந்து அச்சு அடித்துவிட்டால் எடுக்க முடியாது. ஆகவே அம்மா ஒரு சட்டம் போட்டார்: தினமும் காலையில் புறக்கடையில் வைத்துச் சீவிவிட்ட பிறகுதான் ஜிம்மிக்குக் கூடத்துக்கு வர அனுமதி. சீவுவது என் வேலை. பட்டுக்காக ஏற்பட்ட அந்தப் பழக்கம்தான் நாயின் உடம்பையும் காப்பாற்றியது. உண்ணி, புண், கட்டி எதுவானாலும் சீவும் கைக்கு முதலில் தட்டுப்பட்டுவிடும்.

வெயில் ஏறினால் ஜிம்மி தறிக்குழிக்குள் இறங்கிவிடும். மண் குளிர்ச்சி. அப்பாவின் கால் மிதியில் ஏறி இறங்க, அதற்கு ஒரு முழம் தள்ளி உடம்பை ஒடுக்கிப் படுத்திருக்கும். ஜக்கார்டு பெட்டியின் சத்தம் தலைக்கு மேலே தடதடக்கும், அது தூங்கும். ஆனால் செருப்புச் சத்தம் ஒன்று புதிதாகத் தெருவில் கேட்டால் குழியிலிருந்து குதித்து வாசலில் நிற்கும். நாய்க்கு நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்த அதிர்வெண் வரை காது கேட்கும். பழகிய சத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பழகாததை மட்டும் பிடித்துக்கொள்வதில் ஸ்பிட்ஸ் கெட்டிக்கார இனம்.

அந்தக் காதுதான் அதற்குத் துன்பமும். தீபாவளி வெடியும் வைகாசி கருட சேவையின் மேளமும் கூட்டமும் அதை நடுங்க வைக்கும். 2019-இல் எங்கள் ஊர்க் கோயிலில் அத்திவரதர் தரிசனம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தபோது, லட்சக்கணக்கான ஜனங்கள் ஊருக்குள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்போது என்னிடம் இருந்த ரோசிக்கு வாசல் பக்கம் ஒரு நிமிஷம் ஓய்வில்லை. குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிவிட்டது. பின் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, பழைய போர்வையைத் தரையில் விரித்துவிட்டேன். அங்கே அடங்கியது. பயந்த நாயைத் திட்டினால் பயம் கூடும். ஒளிய இடம் கொடுத்தால் குறையும்.

குணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லோரோடும் இருக்கும், ஆனால் ஒருவரைத் தனக்கென்று தேர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் சோறு போட்டது அம்மா, சீவியது நான். ஜிம்மி தேர்ந்துகொண்டது அப்பாவை. பொறாமை உண்டு. வீட்டில் கைக்குழந்தை வந்தால் முதல் சில வாரம் இரண்டையும் தனியே விடக்கூடாது. தூங்கும்போது தொட்டாலோ தட்டில் கை வைத்தாலோ சட்டென்று பல் படும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் சடையைப் பிடித்து இழுப்பார்கள். அங்கே குற்றம் நாயுடையது இல்லை, பக்கத்தில் பெரியவர்கள் இல்லாததுதான். புத்தி கூர்மை. 'உட்கார்', 'வேணாம்', 'உள்ள போ' எல்லாம் சில நாளில் பிடித்துக்கொள்ளும். குரைப்பதை அறவே நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. வந்தவர் யார் என்று நாம் எழுந்து பார்த்து, "போதும்" என்று ஒரே குரலில் சொல்லி, அடங்கியதும் தடவிக்கொடுத்தால் இரண்டு மூன்று குரைப்போடு நிறுத்தப் பழகும்.

இந்த நாயால் தாங்க முடியாதது தனிமை. முன்பு தறி வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். இப்போது நெசவாளர் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். பகலெல்லாம் பூட்டிய வீட்டில் கிடக்கும் ஸ்பிட்ஸ் முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும், கதவைப் பிராண்டும், விடாமல் குரைக்கும். நாள் முழுக்க வீட்டில் ஆளில்லாதவர்கள் இந்த நாயை வாங்க வேண்டாம். வேறு எந்த நாயும் வேண்டாம்.

உடம்பு விஷயத்தில் இது கெட்டி நாய். 12, 14 வருடம் சாதாரணமாக வாழும். ஆனால் கெட்டி என்ற நம்பிக்கையிலேயே நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

கத்திரி வெயில் வந்ததும் நாய்க்கு மொட்டை அடிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. பாவம், வேர்க்கிறது என்பார்கள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். இரண்டடுக்கு ரோமம் குளிரை மட்டுமல்ல, நேர் வெயிலையும் தோலுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும். அதைவிடக் கொடுமை, ஸ்பிட்ஸ் இனங்களில் ஒட்ட மழித்த முடி சில சமயம் மாதக்கணக்கில் வளராது. திட்டுத்திட்டாக முளைத்து நின்றுவிடுவதும் உண்டு. செய்ய வேண்டியது, உதிர்ந்து சிக்கிக்கிடக்கும் உள்முடியைச் சீவி எடுப்பது. காற்று தோல்வரை போகும். காலை 7 மணிக்குள்ளும் இருட்டிய பிறகும் மட்டும் நடக்கக் கூட்டிப்போங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. மூச்சு அடங்காமல் வாங்கி, எச்சில் கொட்டி, தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நிழலுக்குத் தூக்கிப்போய், சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று பலர் பதறுகிறார்கள். நாயின் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நமக்குச் சூடாகத்தான் தெரியும். பதறி, வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் போய்விடும்.

நம் ஊரில் ஸ்பிட்ஸை அதிகம் சாய்ப்பது உண்ணிக்காய்ச்சல் என்றுதான் நான் பார்த்தவரை சொல்வேன். அடர்ந்த ரோமத்தில் உண்ணி ஒளிந்துகொள்ளும். காதுமடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்குக் கீழே. அது ரத்தம் குடிக்கும்போது எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகளை உள்ளே விடுகிறது. எர்லிக்கியா வந்தால் ரத்தத்தில் தட்டணுக்கள் குறையும். நாய் சோறு தின்னாது, சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னபடி நான்கு வாரம் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். இரண்டாவது வாரத்தில் தெளிந்துவிட்டது என்று நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டுக்கு அடிக்கும் மருந்தை அளவு தெரியாமல் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறு கிலோ உடம்பு அது. நாய்க்கென்று இருக்கும் சொட்டு மருந்தையோ மாத்திரையையோ எடைக்குத் தக்கபடி கொடுங்கள். நாய் படுக்கும் மூலை, சுவர் வெடிப்பு, பாய் இடுக்கு எல்லாவற்றிலும் உண்ணி முட்டையிடும். வீட்டைச் சுத்தம் செய்யாமல் நாயை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை.

அடுத்தது வாய். சின்னத் தாடைக்குள் 42 பல். பால்பல் விழாமலே புதுப்பல் முளைத்து நெருக்கும். அதன் மேல் பொறை, ரஸ்க், கிரீம் பிஸ்கட், பாயசம். ஐந்து வயதுக்குள் காரை கட்டி, வாய் நாறி, எட்டு வயதில் பல் ஆடும். வாயிலிருக்கும் அழுகல் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாரம். நாய்க்கான பற்பசையை விரலில் துணி சுற்றித் தேய்த்துப் பழக்கலாம். குட்டியிலேயே தொடங்கினால் அடம் பிடிக்காது. நம் பற்பசை வேண்டாம்.

இதோடு பிரசாதம். இது கோயில் ஊர். வீட்டுக்கு வருகிற தொன்னையில் நாய்க்கும் ஒரு பங்கு போகும். மந்தாரை இலையில் வெந்த கோயில் இட்லியில் மிளகும் சுக்கும் நெய்யும் இருக்கிறது. ஒரு விள்ளலில் உயிர் போகாது, நெய் கூடினால் கணையம் வீங்கும். பயப்பட வேண்டியது சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் உலர்திராட்சைக்கு. திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது முன்பே தெரியும். அதற்குக் காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததைப் பின்னர் பதிவு செய்தார்கள். அப்படியென்றால் புளியோதரை, வத்தக்குழம்பு, சாம்பார் எதுவும் நாய்த்தட்டுக்குப் போகக்கூடாது. சாம்பாரில் இருக்கும் வெங்காயம் தனி ஆபத்து, சிவப்பணுக்களை உடைக்கும். பிறந்தநாள் கேக்கின் சாக்லேட்டும் ஆகாது. சைவ வீடுகளில் வெறும் தயிர்ச்சோறு போட்டே வளர்க்கிறார்கள். வயிறு நிறையும், புரதம் போதாது. முட்டை சேர்க்க மனம் இடம் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் தரமான நாய் உணவை வாங்கிக் கலந்து கொடுங்கள்.

கொழுப்பு பெரிய எதிரி. ரோமத்துக்குள் எடை தெரியாது. விலாவில் கை வைத்து எலும்பு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். எங்கள் ரோசியைத் தூக்கிக்கொண்டு போனபோது மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்கு மருந்து வேணாம், மாடிப்படி வேணாம், பிஸ்கட் வேணாம்" என்றார். மாடிப்படியைச் சொன்னது முழங்காலுக்காக. சின்ன இனங்களுக்கு முழங்கால் சில்லு இடம் நழுவுவது சகஜம். ஓடும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தும். நாலு எட்டு போனதும் காலை ஊன்றி ஓடும். விளையாட்டு என்று விட்டுவிடுவோம். பழைய காவித் தரை பரவாயில்லை. இன்றைய வழுக்கும் டைல்ஸ் அந்த முழங்காலுக்கு நல்லதில்லை. நடக்கும் வழியில் சாக்கையோ பாயையோ விரித்துவிடுங்கள்.

இருமலைக் கவனியுங்கள். வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வந்தால் மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிக்கொண்டிருக்கலாம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். பத்து வயதுக்கு மேல் இரவில் இருமினால் இதய வால்வு கசியலாம். கண்ணில் புரை வரும். சில ஆண் நாய்களுக்கு அரிப்பே இல்லாமல் உடம்பு முடி கொட்டித் தோல் கறுத்துப்போகும். பார்க்கச் சங்கடமே தவிர உயிருக்கு ஆபத்தில்லை.

பெண் நாய் வைத்திருப்பவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். "ஒரு ஈத்தாவது ஈனட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஈன்றால்தான் ஆரோக்கியம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கருத்தடை செய்யாத நடுவயது நாய்க்குப் பருவம் கழிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், சோறு இறங்காது, வயிறு உப்பும்; சிலதுக்கு வெளியே கசிவே தெரியாது. அப்போது அவசர அறுவை செய்ய வேண்டும். இங்கே முடியாவிட்டால் வேப்பேரியில் 1903 முதல் நடக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு 75 கிலோமீட்டர் ஓட வேண்டும். இளவயதில் செய்யும் கருத்தடை இத்தனையையும் தவிர்க்கும்.

தடுப்பூசியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, நான்கு மாதம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு வருடாவருடம். வீட்டு நாய்தானே என்று யாரும் விட வேண்டாம். எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம்.

இனி அங்கீகாரத்துக்கு வருகிறேன். 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: இமாலய ஆட்டுநாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம். 2020-இல் பிரதமர் வானொலியில் இந்திய நாயினங்களைப் பற்றிப் பேசியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாய்களின் பெயர்கள் வந்தன. வர வேண்டிய பெயர்கள்தான். இந்தியன் ஸ்பிட்ஸின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. வந்தேறி நாய் என்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் நம் வெயிலில் பிறந்து, நம் வீடுகளில் செத்த நாய்க்கு இன்னும் எத்தனை தலைமுறை வேண்டும்?

ஒரு நல்லது நடந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்கள் சிலவற்றைப் பெருக்கத் தடை சொன்னது. பக், பிரெஞ்சு புல்டாக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஜெர்மன் ஸ்பிட்ஸ் குடும்பத்தில் பெரியதான கீஸ்ஹோண்டும் இருந்தது. இந்தியன் ஸ்பிட்ஸ் இருக்கவில்லை.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது; நாய் பெருக்குபவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு மாதக் குட்டியாக இருக்கையில் ஸ்பிட்ஸும் பொமேரியனும் ஒன்றாகவே தெரியும். அதைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள். 'டீ கப்' என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டுவது தனி இனமில்லை. எலும்பு வலுவில்லாமல், சர்க்கரை குறைந்து மயங்கி விழும் குட்டி. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஸ்பிட்ஸ் வயதாகிக் கண் மங்கி, வாய் நாறி, கூடத்தில் மூத்திரம் போனால், அதைக் கோயில் குளத்தங்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள். பத்து வருடம் உங்கள் வாசலைக் காத்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.